பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடி வீடு

"எந்த ஃபேக்டரின்னு சொன்னீங்க?"

மூவாயிரத்துக்கு ஒரு பைசா குறையாது என்று வாசலிலேயே மறித்து நின்ற வீட்டுக்காரர் சுப்பண்ணன், சட்டென்று குரலை இறக்கிக் கேட்டார்.

"குயில்மட்டம் டீ ஃபேக்டரிங்க. தூள் தயாரிப்பைப் பாத்துக்கற டீ மேக்கரா இருந்தேன். போன மாசம் மூடிட்டாங்க" என்றார் சில்வஸ்டர்.

"அங்கிருந்து தேயிலை ஏலத்துக்கு வர்ற சாம்பிளெல்லாம்..."

"என் கையாலதானுங்க போகும். பொட்டலத்துல ஒரு காம்பு இருக்காது."

சுப்பண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குன்னா எண்ணூறு குடுங்க. மாடிக்கு வாங்க."

சில்வஸ்டருக்குத் தலை சுற்றியது. தேயிலை விலை இறங்க இறங்க, எஸ்டேட்டை விட்டு வந்தவர்களெல்லாம் குன்னூர் டவுனில் வீடு தேட, வாடகை மட்டும் மலை ஏறிக்கொண்டிருந்த நேரம். மூடிப்போன ஃபேக்டரியின் பேருக்கு இத்தனை மவுசா?

ஆனால் ஆராய நேரமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனைவி கெஸியாவுக்குத் திங்கட்கிழமை முதல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள பள்ளியில் வேலை. காலையில் மணி அடிக்குமுன் போய் நிற்க, டவுனுக்குள் வீடு வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலையும் போச்சு.

சுவரைத் தட்டினார், ஓதம் இல்லை. குழாயைத் திருகினார், யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், தண்ணீர் வந்தது. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூட மணியே கண்ணுக்குத் தெரிந்தது.

"பேய் கீய் ஏதும் உண்டுங்களா?"

"இந்த ஏரியா வாடகை பேய்க்குக் கட்டுபடியாகுமுங்களா?"

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு கம்மி?"

"நல்லாப் பாத்துக்கங்க. பொறவு குறை சொல்லக்கூடாது."

கீழே வந்ததும் டீ வந்தது. சுப்பண்ணன், ஏலத்துக்கு முன் தேயிலை ருசி பார்ப்பவர்களைப் போல, தெருக்கோடிவரை கேட்கும்படி 'சர்'ரென்று உறிஞ்சினார்.

"ஏனுங்க, நீங்களும் தேயிலை ஆளுங்களா?"

"வாங்கி விக்கற யாவாரமுங்க. ஒரே லோடுல ஓஞ்சு போச்சு."

எந்த லோடு என்று கேட்க நாக்கு துருதுருத்தது. காரியம் கெட்டுவிடப் போகிறதே என்று அடக்கிக்கொண்டு சில்வஸ்டர் அட்வான்ஸை நீட்டினார். சுப்பண்ணன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

மாடிக் கதவில் தொங்கியது சின்னப் பூட்டு. கைக்கு வந்ததோ துருப்பிடித்த முழநீளச் சாவி.

"சாவி மாறிப்போச்சுங்களே."

"மாறலைங்க. உங்க ஊடு ஊட்டிக்கும் அந்தாண்ட இத்தலார்ல, முட்டைக்கோசுத் தோட்டத்துக்கு நடுவுல இருக்குது."

"அப்ப மாடியில பாத்தது?"

"அது சாம்பிளுங்க." சுப்பண்ணன் மிச்ச டீயையும் நிதானமாக உறிஞ்சி முடித்தார். "குயில்மட்டம் சாம்பிளைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் நானும் ஒரு லோடு எடுத்தேன். மூட்டையைப் பிரிச்சா, அத்தனையும் காம்பு."