புகை விடாத பேருந்து

மறுபடியும் தண்ணீர்.

தையல்காரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தாள். ஹைட்ரஜன் பேருந்து அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. படியை ஒட்டி ஒரு குட்டை மட்டும் கிடந்தது.

புது வண்டி விட்ட நாளிலிருந்து இதே கூத்து.

டீசல் வண்டி புகைதான் விட்டது. கதவைச் சாத்தினால் தீர்ந்தது. இதுவோ நின்ற இடத்தில் வடித்துவிட்டுப் போகிறது. நேற்று தைத்து முடித்த வெள்ளைச் சீருடைக் கட்டு அதில் விழுந்து, எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

தள்ளி நிறுத்துங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த மனிதர் தலையை ஆட்டுவார். மறுநாளும் அங்கேயே வந்து, வேர் விட்டதுபோல நிற்பார்.

பொறுக்க முடியாமல் போக்குவரத்துக் கழகத்தில் புகார் கொடுத்தாள். இன்று அதிகாரியே வந்துவிட்டார்.

வந்தவர் பாடம் நடத்தினார். ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்துதான் வண்டிக்கு மின்சாரம் கிடைக்கிறதாம். வெளியே வருவது வெறும் தண்ணீராம். குடிக்கலாம், அவ்வளவு சுத்தமாம். அப்படியானால் தினமும் வந்து குடித்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னதும் பாடம் நின்றது.

பணிமனைக்குப் போன் போட்டு ஏதோ கேட்டார். முகம் மாறியது.

"ஸ்டாப்பே இங்க இல்லம்மா, அதோ அந்தத் திருப்பத்துலதான். டிரைவரு அவரா இங்க நிறுத்திக்கிட்டு இருந்திருக்காரு. கண்டிச்சாச்சு, இனிமே நிறுத்த மாட்டாரு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மதிய வண்டி வந்தது. சத்தமே இல்லாமல் கடையைத் தாண்டிப் போய்த் திருப்பத்தில் நின்றது.

கதவு திறந்து வெகுநேரம் யாரும் இறங்கவில்லை.

பிறகு ஓர் ஊன்றுகோல் வெளியே வந்தது. அதன் பின்னால் இடது காலை இழுத்துக்கொண்டு அவள் கணவர்.

பக்கவாதம் வந்தபின் தினமும் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறவர். காலையில் கடை வாசலில் ஏறுவார், மதியம் கடை வாசலில் இறங்குவார். புது வண்டியோடு ஸ்டாப்பும் மாறிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அவள் ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். ஓட்டுநரின் ஜன்னலைப் பார்த்து எரிந்து விழுந்தாள்.

"ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில், அந்த இடது கால் நடைபாதையில் ஏறிவிட்டதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தார்.