பாசார் ரோட்டு மதகு

"மதகு கோணலா இருக்கு. பேத்துட்டு மறுபடி கட்டணும்" என்றார் சாத்தப்பச் செட்டியார்.

ஓவர்சியர் ராதாகிருஷ்ணனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

மலாயாவில் கிள்ளான் ஊர்ச் சந்தையான பாசாருக்குப் புது ரோடு. கல்லும் தாரும் சர்க்கார் தரும். ஆள் கூலி கடைக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் சார்பில் வேலையை ஏற்றவர் செட்டியார். மூன்றே மாதத்தில் முடியவேண்டியது, ஆறாவது மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. பாக்கி நூறு கெஜம்தான்.

"அன்னிக்கு ஜல்லி பெரிசுன்னீங்க. அப்புறம் சாக்கடை சரியில்லேன்னீங்க. இன்னிக்கு மதகா? நூல் பிடிச்சுக் கட்டினது செட்டியாரே!"

"என் கண்ணுக்குக் கோணலாத்தான் படுது."

"துரைகிட்ட தினம் ஏச்சு வாங்குறவன் நான். பாசார்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? உங்க கடை பழைய ரோட்டுல இருக்கு. புது ரோடு திறந்தா யாவாரம் படுத்துடும்னு இழுத்தடிக்கிறீங்களாம்!"

"பேசட்டுமே. மூணு மாசத்துக்கு மேல ஆகுற கூலி என் கையிலேருந்துதானே போகுது?" செட்டியார் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ராதாகிருஷ்ணன் பல்லைக் கடித்தார். இனி பொறுப்பதற்கில்லை. இன்றே துரைக்கு எழுதி, செட்டியாரை விலக்கிவிட்டுச் சர்க்கார் ஆட்களை இறக்கினால் நாலு நாளில் வேலை முடிந்துவிடும்.

கங்காணி ரெங்கசாமியைக் கூப்பிட்டார். "உன் ஆளுங்களை மூட்டை கட்டச் சொல்லு."

"ஐயா, வேலை இல்லேன்னா அடுத்த கப்பல்லேயே எங்களை ஊருக்கு ஏத்திடுவாங்க."

"ரப்பர் விலை விழுந்ததுலேருந்து நாடு முழுக்க அதானே நடக்குது? உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எங்களை விடுங்கய்யா. அந்த வீரம்மாவுக்கு இது ஒம்பதாம் மாசம்."

நிழலில் உட்கார்ந்து ஜல்லி சலித்துக்கொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தாள்.

"இவ அக்கா மாரியாயியை நாலு மாசத்துக்கு முந்தி இப்படித்தான் கப்பல் ஏத்தினாங்க. அவளும் நிறைமாசம். நடுக்கடல்ல வலி எடுத்துச்சு. தாயும் புள்ளையும் செத்து, கடல்லேயே விட்டுட்டாங்கய்யா."

ராதாகிருஷ்ணன் வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊர்லேருந்து அந்தச் சேதி வந்த கடுதாசியை எங்களுக்குப் படிச்சுக் காட்டினது செட்டியார்தான். படிச்சு முடிச்சவரு எதுவும் பேசலே. மறுநாள் காலையில வந்து, ஜல்லி பெரிசுன்னு ஒரே சத்தம். வீரம்மா பெத்துப் பொழைச்சு எழுந்திரிக்கிற வரைக்கும் இந்த ரோடு முடியாதுன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னாரு."

அன்று மாலை ராதாகிருஷ்ணன் துரைக்கு எழுதி அனுப்பிய ரிப்போர்ட் இவ்வளவுதான்:

'மதகு கோணல். பேர்த்துக் கட்ட இரண்டு மாதம் பிடிக்கும். அளவு குறித்துக் கொடுத்தவன் நான். தவறு என்னுடையது.'