ஆர்விட்டின் மச்சானுக்கு ஒரு ஜி.பி.எஸ்.

"எனக்கு இல்லம்மா, என் மச்சானுக்கு!" கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அறிவித்தார் ஆர்விட்.

கல்லாவில் நின்ற டார்லா இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

"என்ன வேணும் உங்க மச்சானுக்கு?"

"அதான், காட்டுக்குள்ள கையில பிடிச்சுக்கிட்டுப் போவாங்களே, வழி சொல்ற மெஷின்... ஜி.பி.எஸ்." மருந்துக் கடையில் கூச்சமான சாமானைக் கேட்பவர் போலக் கடைசி வார்த்தையில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆர்விட்டுக்கு அக்கா தங்கை கிடையாது. மனைவியுடன் பிறந்தவர்களும் எல்லாரும் பெண்கள். மச்சான் கடை வாசலில்தான் பிறந்தான்.

அமெரிக்காவின் வட விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்க இன்னும் ஒரே நாள். போன வருடம் தொடக்க நாளன்று, பனியில் ஒரு பூட்ஸ் தடம் கோணல்மாணலாகப் போவதைப் பார்த்தார் ஆர்விட். 'எவனோ முட்டாள் வழி தெரியாமல் அலைகிறான், காப்பாற்றுவோம்' என்று இருட்டும்வரை அதன் பின்னாலேயே நடந்தார். முட்டாள் தடுக்கி விழுந்த இடத்தில் தன்னுடைய தெர்மாஸ் மூடி கிடந்தபோதுதான் அந்த முட்டாள் யாரென்று புரிந்தது. 'பெரிய கொம்பு மான் ஒன்றை விரட்டிப் போனேன்' என்று நண்பர்களிடம் அளந்துவிட்டார். மனைவி மார்லிஸிடம் அது செல்லுபடியாகவில்லை. துப்பாக்கி அலமாரியின் சாவி இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. மெஷினோடு போனால் சாவி கிடைக்கும். இல்லாவிட்டால் நண்பர்கள் காட்டில் இருக்க, இவர் வீட்டில் அவளோடு கம்பளி நூல் சுற்ற வேண்டியதுதான்.

சொந்த ஊர்க் கடையில் வாங்கினால் மானம் போய்விடும். இந்த ஊரில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் தொப்பியை மூக்குவரை இறக்கி விட்டிருந்தார்.

டார்லா மூன்று மெஷின்களை எடுத்து வைத்தாள். "மச்சான் ஆளு எப்படி?"

"அவனா? கக்கூஸுக்குன்னு போனவன் பக்கத்து மாவட்டத்துல கதவைத் தட்டுவான். அப்படி ஒரு மூளை!"

"தொட்டா வேலை செய்யற திரையா, பட்டன் வச்சதா?"

"தொடறதுதான். பளபளன்னு இருக்கு!"

"நவம்பர் குளிர்ல தடியான கையுறையோட தொட்டா இது அசையாது. கையுறையைக் கழட்டினா விரல் அசையாது."

"அப்ப பட்டன்."

"கண்ணு எப்படி அவருக்கு?"

ஆர்விட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "என் கண்ணா? ஓ, அவனுக்கா... மரம் எது மான் எதுன்னு கிட்டப் போய்த் தொட்டுப் பார்ப்பான்."

டார்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பெரிய திரையாவே பார்ப்போம். பேட்டரி? சார்ஜ் போடறதா, மாத்தறதா?"

"சார்ஜ் போட மறந்துடுவான். சார்ஜரை எங்க வச்சோம்னும் மறந்துடுவான்."

"மாத்தறதே இருக்கட்டும். உபரி பேட்டரியை உள் சட்டைப் பையில, உடம்புச் சூட்டுல வச்சுக்கச் சொல்லுங்க. குளிர்ல சீக்கிரம் இறங்கிடும். இன்னொண்ணு, டிரக்கை விட்டு இறங்கினதுமே இதைப் போட்டு, டிரக் நிக்கற இடத்தைக் குறிச்சுடணும். நம்ம ஊர் ஆம்பளைங்க பையில பத்திரமா வச்சிருந்துட்டுத் தொலைஞ்சு போனப்புறம்தான் போடுவாங்க. அது பாட்டுக்கு, எந்த இடத்துல தொலைஞ்சிருக்கோம்னு துல்லியமா சொல்லும்!"

ஆர்விட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அச்சு அசலா என் மச்சானேதான்! மானுக்காகக் காத்து உட்கார்ற மரத்தை மட்டும் பத்திரமாக் குறிச்சு வைப்பான். வீட்டுக்குப் போகணும்னா? ராத்திரி பூரா அந்த மரத்துக்கே திரும்பித் திரும்பி வந்துக்கிட்டிருப்பான். கடைசியில மானே பரிதாபப்பட்டு ரோடுவரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுப் போகும்!"

சொல்லி முடித்ததும் நெஞ்சில் எங்கோ லேசாகக் குத்தியது. மச்சானை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம். நல்ல மனிதன்.

"இதைக் கட்டிக் கொடும்மா" என்று ஆரஞ்சு நிறத்தில் இருந்த பட்டன் மெஷினை அவளிடம் தள்ளினார்.

டார்லா அதை எடுத்தவள் தயங்கினாள். "எனக்கு வியாபாரம்தான். ஆனா இவ்வளவு காசு எதுக்கு? இன்னிக்கு சாயங்காலம் சர்ச் மண்டபத்துல இலவச வகுப்பு இருக்கு. சூரியனையும் காத்தையும் மரத்துப் பாசியையும் வச்சு வழி கண்டுபிடிக்கச் சொல்லித் தராங்க. வெளியூர்லேர்ந்து ஒரு பெரியவர் வராராம். கண்ணைக் கட்டி எந்தக் காட்டுல விட்டாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பாராம். மெஷினைத் தொடறவன் வேட்டைக்காரனே இல்லைன்னு பேசுவாராம். மச்சானைக் கூட்டிட்டு வாங்களேன்."

"அந்த ஆள் பேச்சைக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்!" என்றார் ஆர்விட் சட்டென்று.

"ஏன், அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். புளுகு மூட்டை. நீ மெஷினைக் கட்டும்மா."

டார்லா சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கிப் போட்டாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கோட்டை மாட்டினாள். "நேரமாச்சு, கடையைச் சாத்தணும். நானும் அங்கதான் போறேன். ஊரே வருது."

ஆர்விட்டின் முகம் வெளுத்தது. பொட்டலத்தைக் கோட்டுக்குள் அடியாழத்தில் திணித்து, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

"மச்சானுக்கு வேற ஏதாவது வேணுமா?"

"இல்லம்மா... அப்படியே என்னையும் அந்த மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடேன். அரை மணி நேரமா இந்த ஊரைச் சுத்திச் சுத்தி வரேன், கண்ணுல படமாட்டேங்குது. நான் போய்ப் பாடம் எடுத்தாத்தானே வகுப்பே ஆரம்பிக்கும்!"