கூடாரத்தின் பாதி

பாலையில் நடக்கத் தொடங்கிய அன்றே சிபி கூடாரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டான். கம்பிகள் தாரிணியின் பையில், துணி அவன் பையில். "ஆளுக்குப் பாதி. இனி ஒருத்தர விட்டுட்டு இன்னொருத்தர் தூங்க முடியாது," என்று சிரித்தான். காலையில் துணியை மடிப்பது மட்டும் அவள் வேலை. அவனுக்கு மடிக்க வராது.

மணல் முடிந்து மலை தொடங்கும் இடத்தில், அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கூடாரத்தைப் பிரித்து, அவள் பையையும் அவனே கட்டி வைத்திருந்தான். "நீ மெதுவா வா. நான் முன்னாடி போய் சுனைல தண்ணி இருக்கான்னு பாக்குறேன்."

அன்று பை தோளை அறுத்தது. ஏற்றத்தைத் திட்டிக்கொண்டே நடந்தாள். எதிரே இறங்கி வந்தவரிடம் கேட்டாள். "மேல தாடி வச்ச ஒருத்தரப் பாத்தீங்களா?"

"இல்லீங்களே. இருக்கறதே இந்த ஒரு பாதைதான். காலைலேர்ந்து உங்களத்தான் மொதல்ல பாக்குறேன்."

அவளுக்குப் பயம் வரவில்லை. துணி அவனிடம், கம்பி தன்னிடம். எங்கே போய்விடுவான்?

சுனையில் தண்ணீர் இருந்தது. கரைச் சேற்றில் ஆட்டுக் குளம்புகள் மட்டுமே பதிந்திருந்தன. வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். குளிர்காற்று எழுந்ததும் ஸ்வெட்டரை எடுக்கப் பையைத் திறந்தாள். அடியில், கம்பிகளுக்குப் பக்கத்தில், கூடாரத் துணி இருந்தது. அத்தனை ஏற்றத்திலும் அதைச் சுமந்து வந்தது அவள்தான்.

வெளியே எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். நான்கு முனையும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மடித்திருந்தான்.