தொட்டுப் பார்க்கலாம்

"இத்திரி வலத்துப் பக்கம், துளி நகர்த்தினாப் போறும் மாமி. அங்கேதான் அவ கை இருக்கு."

காமாக்ஷி மாமியின் விரல்கள் சிற்பத்தின் மேல் மெல்ல நகர்ந்தன.

"கிடைச்சுது. அதைப் பிடிச்சிண்டிருக்கறது ஆம்படையான் கையா?"

"ஆமாம். அவ நாற்காலியில உக்காந்திருக்கா, அவன் நின்னுண்டிருக்கான். கையைப் பிடிச்சிண்டு விடைபெத்துக்கறா."

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் கண்காட்சி. பழங்காலக் கிரேக்கர்கள் கல்லறைகளில் நட்ட புடைப்புச் சிற்பங்களை அச்சு அசலாக வார்த்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கலாம் என்று பலகையும் இருந்தது.

மனைவி போன பிறகு வீட்டுச் சுவரோடு பேசி அலுத்துப்போன பென்ஷன்காரர் அனந்தநாராயணன், பொழுது போகாமல்தான் இங்கே வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு சிற்பத்தைத் தடவிக்கொண்டிருந்த மாமிக்கு வலியப் போய் விளக்கம் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இருவரும் வந்தார்கள். வாயால் வழி காட்டினாரே தவிர, மறந்தும் அவள் கையைத் தொட்டதில்லை.

"இதுல செத்துப்போனது யாரு? அவளா, அவனா?"

"பாத்தா தெரியாது மாமி. ரெண்டு பேர் முகத்திலேயும் ஒரே வருத்தமாக்கும்."

"மிச்சம் இருக்கறவா பாடுதான் கஷ்டம்" என்றாள் மாமி.



அடைக்கப் போவதாகக் காவலாளி குரல் கொடுத்தார். இன்றே கடைசி நாள். நாளை எல்லாவற்றையும் கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அனந்தநாராயணனுக்கு, கண் தெரியாதவளுக்கு ஒத்தாசை என்று இத்தனை நாள் ஒரு சாக்கு இருந்தது. இனி எந்தச் சாக்கைச் சொல்லிப் பள்ளுருத்திக்குப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவது? நாளைச் சாயங்காலத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"பாத்து மாமி, படி இருக்கு" என்றார்.

மாமி இறங்காமல் திரும்பினாள்.

"முதல் நாளே சொல்லணும்னு நினைச்சேன். சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுண்டு வரேளே, ஆத்துல சொல்ல ஆளில்லையா?"

அவர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். "மாமிக்கு... எப்படி?"

"இது கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் போட்ட கண்ணாடியாக்கும். நாளையிலேர்ந்து வேண்டாம்னுட்டார் டாக்டர்." கண்ணாடியைக் கழற்றி அவரை நேராகப் பார்த்தாள். "கண்ணு தெரியும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நீங்கோ என்னோட பேசியிருப்பேளா?"