ஆசிரியர் தோற்றார்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஞானஸ்நானமும் படம் பிடிக்கிற வேலையாகிவிட்டது.

குழந்தையின் முகத்தை எவனும் நேராகப் பார்க்கவில்லை. எல்லார் கையிலும் போன். பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனுக்குப் பல்லைக் காட்டுகிறார்கள்.

கிழவர் ஞானஸ்நானத் தொட்டியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ராயபுரம் கோயில். பங்குச் சாமியார் இன்னும் வரவில்லை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பெயர் என்ன என்று சாமியார் கேட்டால், பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்கு மூத்தவர்தான் சொல்ல வேண்டும். தொட்டியடியில் அவர் வாயில் வருவதுதான் பெயர். பிறகு அப்பீல் கிடையாது.

இன்றைக்கு மூத்தவர் அவர்.

பேத்தி கிளாரிஸ் வயிற்றில் பிள்ளை அசைந்த நாளிலிருந்து கெஞ்சுகிறாள். மகனுக்கு டெர்மட் என்று வைக்க வேண்டுமாம்.

டெர்மட் அவருடைய அப்பாவுக்குத் தாத்தா. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து, துறைமுகத்துக்கு எதிரே அச்சுக்கூடம் போட்டு, இங்கிலீஷில் வாரப் பத்திரிகை நடத்தியவர். அது போதாதென்று முனிசிபல் தேர்தலிலும் நின்றவர்.

எழுதுகிறவன் ஒரு பொய் சொல்வான். ஓட்டுக் கேட்கிறவன் ரெண்டு சொல்வான். இந்த ஆள் ரெண்டு வேலையும் பார்த்தவன். இவன் பெயரைப் பச்சைப் பிள்ளையின் தலையில் கட்டுவதா?

கிழவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சங்கிலியை இழுத்துப் பார்க்காமல் எதையும் தூக்கியதில்லை.

சூசை என்று சொல்வதாக முடிவு கட்டியிருந்தார். ஏசுவை வளர்த்த சூசையப்பர் வேதத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனாலேயே நம்பலாம்.

கிளாரிஸ் குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் போனை எடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் பிடிக்க இல்லையாம். எங்கோ ஒரு நூலகத்தில் அந்தப் பழைய பத்திரிகை கிடைத்திருக்கிறதாம். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

தேர்தல் நடந்தது ஒரு சனிக்கிழமை. பத்திரிகை அச்சேறுவதும் சனிக்கிழமை சாயங்காலம். ஓட்டு எண்ணி முடிய ராத்திரியாகும். முடிவு இல்லாமல் எப்படிப் பத்திரிகை விடுவது?

டெர்மட் தன் கையாலேயே எழுத்துக் கோத்தார்.

‘ஆசிரியர் தோற்றார். வென்றவர் தகுதியானவர். வாழ்த்துகிறோம்.’

பத்திரிகை தெருவெல்லாம் போனது.

எதிராளி அதைப் படித்துவிட்டு பேண்டு வாத்தியம் பிடித்தார். பேட்டைக்கே பிரியாணி போட்டார். சாப்பாடு பாதியில் இருக்கும்போது முடிவு வந்தது.

வென்றவர் டெர்மட்.

பேண்டுக்காரர்கள் அரை நிமிஷம் முழித்தார்கள். பிறகு வாசித்த பாட்டை நிறுத்தாமலே திரும்பி, அச்சுக்கூடத்தைப் பார்த்து நடந்தார்கள். எதிராளியும் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அடுத்த வாரம் மூலையில் ஒரு திருத்தம் வந்தது. அதைக் கிளாரிஸ் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

‘சென்ற வாரம் ஆசிரியர் தோற்றதாக வெளியிட்டோம். அவர் வென்றுவிட்டார். தவறுக்கு வருந்துகிறோம். எதிராளி தகுதியானவர் என்பதில் மாற்றமில்லை.’



அவர் வயிறு குலுங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருமல் என்று சைகை காட்டினார்.

தன் ஜெயத்தையே நம்பாதவன்.

“இதுவும் அந்தாளு பேப்பர்லதானே வந்திச்சி?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“ஆமா தாத்தா.”

“அப்ப இதுவும் புளுகா இருக்கும்.”

கிளாரிஸின் முகம் வாடிவிட்டது.

சாமியார் வந்தார். ஜெபம் சொன்னார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

கோயில் அடங்கியது. கிளாரிஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் குழந்தையைக் குனிந்து பார்த்தார். சந்தேகமாகத்தான் பார்த்தார். அதுவும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவரை அப்படியே பார்த்தது.

“டெர்மட்,” என்றார்.

தண்ணீர் விழுந்தது. டெர்மட் கோயில் அதிரக் கத்தினான்.

படம் எடுக்க அவரைத் தேடினார்கள். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்.

மெழுகுவத்தி விற்கிற கன்னியம்மா மறித்தாள். “இன்னா பெர்சு, கொயந்தைக்கு இன்னா பேரு வெச்சீங்கோ?”

“இப்பத்திக்கு டெர்மட்.”

“இப்பத்திக்கா?”

“பின்ன? வளந்து வரட்டும். பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

எண்பது வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேகமாக நடந்தார்.