எந்தப் பணத்தில்

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிப் பெண் கார்டு மெஷினை மெல்ல இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறாள். ஜன்னல் வெயில் மெஷின் திரையில் பட்டுக் கண் கூச, அப்பா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு குனிகிறார். இறந்துபோன மகனை ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கும் விமானத்துக்குமான தொகை, நம் பணத்தில் ஒரு கட்டமாகவும் இந்த நாட்டுப் பணத்தில் இன்னொரு கட்டமாகவும் தெரிகிறது. உதவி செய்வதாக நினைத்து அந்தப் பெண் நம் பணத்தைச் சுட்டிக்காட்டுகிறாள். பழகிய பணத்தைப் பார்த்ததும் அவர் விரலும் அங்கேயே போகிறது. “அதுல வேண்டாங்க,” என்று அம்மா கையைப் பிடிக்கிறாள். “நம்ம பணத்துல அமுக்கினா கூடப் பிடிச்சுக்குவாங்க, அந்த ஊர்ப் பணத்துலயே குடுங்கன்னு புள்ள படிச்சுப் படிச்சு சொன்னானே.” லீவில் இருவரையும் வரவழைத்துச் சுற்றிக்காட்டப்போவதாகச் சொல்லி, அவன்தான் இந்தக் கார்டை எடுக்கவைத்தான், ஃபோனிலேயே பாடம் நடத்தினான். “அப்பா ஒரு அவசரக்குடுக்கை, நீ பக்கத்துலயே நில்லும்மா” என்று சிரித்தான். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவனுடைய மூக்குக்கண்ணாடி ஒரு பிளாஸ்டிக் பைக்குள், அவள் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. அப்பா விரலை இழுத்து, அடுத்த கட்டத்தை நிதானமாக அழுத்துகிறார். மெஷின் கொஞ்சம் யோசித்து, கரகரவென்று சீட்டைத் தள்ளுகிறது. அதை யாரும் கிழிக்கவில்லை. வராந்தாக் கோடியில், மகனை வைத்திருக்கும் அறையின் மூடிய கதவையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். “சரியா அமுக்கிட்டேனாடா?”